ஹோஷங்காபாத்தின் முப்பது ஆண்டுகள்: சோதனைப் பெட்டியும் தேர்வுத் தாளும்

1972-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேச அரசு துணிச்சலான ஓர் அனுமதியைக் கொடுத்தது. நர்மதைக் கரையில் இருக்கும் ஹோஷங்காபாத் (இன்றைய நர்மதாபுரம்) மாவட்டத்தின் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடத்தை முழுக்க மாற்றி நடத்திப் பார்க்கலாம் என்று இரண்டு தன்னார்வ அமைப்புகளிடம் சொன்னது. பள்ளி அரசுப் பள்ளி, ஆசிரியர் அரசு ஆசிரியர், படித்தவர்கள் அந்தந்தக் கிராமத்துப் பிள்ளைகள். பாடப்புத்தகம் மாறியது, வகுப்பு நடக்கும் விதம் மாறியது, அப்புறம் தேர்வும் மாறியது. ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் என்று பெயர் பெற்ற அந்த முயற்சி 30 ஆண்டுகள் நடந்தது. 2002-ல் அரசே அதை நிறுத்தியது.

இந்த ஒரு நிகழ்வை விரிவாகப் பார்க்கக் காரணம் இருக்கிறது. செய்முறை அறிவியல் என்றதும் நம் பேச்சு பொருள்களின் பக்கம் போய்விடுகிறது. ஆய்வகம் இருக்கிறதா, நுண்ணோக்கி எத்தனை, சோதனைப் பெட்டி வந்து சேர்ந்ததா என்றுதான் கேட்கிறோம். ஹோஷங்காபாத்தில் பொருள்கள் மிக மலிவானவை. பல நேரங்களில் அவையும் போதவில்லை. அப்படியிருந்தும் வகுப்புகள் நடந்தன. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடிப் பேசியதும், தேர்வை மாற்ற அரசு ஒப்புக்கொண்டதும்தான் அந்தத் திட்டத்தைத் தாங்கிப் பிடித்தன என்பது என் முடிவு.

தொடங்கியவர்கள்

அந்த இரண்டு அமைப்புகளில் ஒன்று கிஷோர் பாரதி. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து வேலையை விட்டுவிட்டு வந்த அனில் சத்கோபால், பலியா பிபரியா என்ற கிராமத்தில் அதை நடத்திவந்தார். மற்றொன்று, ஹோஷங்காபாத் நகரத்தை ஒட்டிய ரசூலியாவில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறுவிய ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர். டாட்டா நிறுவனத்து விஞ்ஞானிகள் சிலர் ஆரம்பத்திலேயே துணைக்கு வந்தார்கள். அடுத்து டெல்லிப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் குழுவாக வந்து சேர்ந்தார்கள். பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவர்கள் கிராமத்து ஆறாம் வகுப்புக்காக நேரம் செலவிடுவதையும் ஒரு கல்விப் பணியாக ஏற்று, பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு உதவியது. இப்படி ஓர் ஏற்பாடு இன்றைக்கும் அபூர்வம்தான்.

1978-ல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பள்ளிகளின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. இதைக் கவனித்துக்கொள்ளவும், மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோகவும் 1982-ல் ஏகலவ்யா என்ற நிறுவனம் உருவானது. திட்டம் முடியும் தறுவாயில் 15 மாவட்டங்களில் 800-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், ஏறத்தாழ ஒரு லட்சம் பிள்ளைகள் இந்த முறையில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் வகுப்பில் மேசையை அளப்பது

‘பால் வைஞானிக்’ என்பது புத்தகத்தின் பெயர்; இந்தியில் ‘சிறுவர் விஞ்ஞானி’ என்று பொருள். 6, 7, 8 என வகுப்புக்கு ஒன்று. அதைத் திறந்தால் விளக்கப் பத்திகள் குறைவு. ‘இதைச் செய், இதைப் பார், இப்போது சொல்’ என்று குறிப்புகளும் கேள்விகளுமாகப் போகும். விடை அச்சாகி இருக்காது. நான்கு நான்கு பேராகப் பிரிந்து உட்கார்ந்து பிள்ளைகள் சோதனையைச் செய்வார்கள். அப்புறம் வகுப்பு முழுவதும் சேர்ந்து பேசும். கடைசியில் ஒவ்வொருவரும் தன் நோட்டில் தன் சொற்களில் எழுதிக்கொள்வார்கள். வகுப்பை விட்டு வெளியே போய்ப் பார்த்துவரும் நடைகளும் பாடத்தின் பகுதியே.

மூன்று வகுப்புக்கும் ‘செய்து பார்’ என்ற ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஓதாமல், வயதுக்கேற்ப கையின் வேலையை மாற்றிக்கொண்டே போனார்கள். இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் இதுதான்.

ஆறாம் வகுப்பில் பிரித்து அடுக்குவதும் அளப்பதும் வரும். இலைகளைக் கொண்டுவந்து குழு பிரிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை நிறத்தைப் பார்த்துப் பிரிக்கும், இன்னொன்று விளிம்பை, மற்றொன்று நரம்பை. எது சரி? எந்தப் பண்பை எடுத்துக்கொண்டோம் என்று சொல்ல முடிந்து, அதையே எல்லா இலைக்கும் மாற்றாமல் பயன்படுத்தினால் எல்லாமே சரி. பதினொரு வயதுப் பிள்ளைக்கு வகைப்பாட்டியலின் அடிப்படை இவ்வளவுதான் தேவை. ஒருவிதையிலை, இருவிதையிலை என்ற பெயர்கள் அதற்குப் பின்னால் வந்தால் போதும்.

தூரம் அளப்பது பார்வைக்கு இன்னும் சாதாரணம். ஒரே மேசையைப் பல குழுக்கள் அளக்கும்போது விடை ஒன்றாக வராது. ஒரு குழு 91.2 செ.மீ. என்கும், அடுத்தது 91.5, மூன்றாவது 90.9. வழக்கமான வகுப்பில் ஆசிரியர் அந்த இடத்தில் ‘சரியான’ எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிடுவார். பிள்ளைகள் தங்கள் எண்ணை அழித்துவிட்டு அதை எழுதிக்கொள்வார்கள். செய்முறை வகுப்பு செத்துப்போவது பெரும்பாலும் அந்த அழிரப்பரில்தான். ஹோஷங்காபாத் வகுப்பில் அந்த வேறுபாடே பாடம். ஏன் மாறுகிறது? ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கிறதா, கண்ணை எந்தப் பக்கம் வைத்துப் படித்தோம், ஸ்கேலை நகர்த்தி வைத்தபோது கோடு பிசகியதா? எவ்வளவு வேறுபாட்டை ஏற்கலாம், எதற்கு மேல் போனால் மறுபடியும் அளக்க வேண்டும்? அளவீட்டுப் பிழை என்று கல்லூரி முதலாண்டில் நாம் மனப்பாடம் செய்யும் விஷயத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு மேசையை வைத்தே பேசிவிடும்.

ஏழாம் வகுப்பில் அந்த எண்கள் வரைபடத்துக்குப் போகின்றன. பரப்பளவு, கன அளவு, அமிலமும் காரமும், பூவைப் பிரித்துப் பார்ப்பது என்று பொருள்கள் பல. பூவைப் பிரிக்க விலைகொடுத்து வாங்கிய ஊசி தேவையில்லை, வேலியில் இருக்கும் கருவேல முள் போதும். முள் மலிவு என்பது மட்டுமல்ல காரணம். உடைந்தால் யாரும் திட்டப்போவதில்லை என்ற தைரியம் பிள்ளைக்கு வருகிறதே, அது பெரிய விஷயம். பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் புத்தம் புதிதாக இருக்கும் கருவிகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர் என்றால், அவர் அலமாரியைப் பூட்டத்தான் செய்வார்.

எட்டாம் வகுப்பில் ஊசலும் நேரமும், வானத்தைப் பார்ப்பது, ஈ, தவளை போன்றவற்றின் வாழ்க்கைச் சுழற்சி எல்லாம் உண்டு. ஈயின் சுழற்சியைப் பார்க்கச் சாணம் போதும். படத்தில் அம்புக்குறி போட்டு ‘முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ’ என்று எழுதிய பிள்ளைக்கும், சாணத்தில் நெளிந்த புழுவை நாள் தவறாமல் பார்த்துக் குறித்துவைத்த பிள்ளைக்கும் இருக்கும் தூரம் அதிகம். ஈ எங்கிருந்தோ தானாக வருவதில்லை என்று இரண்டாவது பிள்ளையிடம் யாரும் சொல்லத் தேவையில்லை.

தற்செயலும் நிகழ்தகவும் பற்றி ஒரு பாடம் அறிவியல் புத்தகத்திலேயே இருந்தது. நாணயம் சுண்டுவது அதில் எளிய வேலை. ஒரு குழு பத்து முறை சுண்டினால் 7 தலை வரலாம், இன்னொரு குழுவுக்கு 3 வரலாம். இரண்டு குழுவும் சண்டைக்கு நிற்கும். வகுப்பின் எல்லாக் குழுக்களின் எண்களையும் சேர்த்தால் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆறாம் வகுப்பில் மேசையை அளந்தபோது எழுந்த ‘ஏன் ஒன்றுபோல் வரவில்லை’ என்ற கேள்விக்கு இங்கே இன்னொரு விதப் பதில் கிடைக்கிறது. யாருடைய தவறும் இல்லாமலே எண்கள் மாறலாம்; ஆனால் நிறைய எண்களைச் சேர்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். ஆறாம் வகுப்பில் போட்ட விதை இந்தப் பாடத்தில் வந்து முளைக்கிறது. அடுத்தடுத்த வகுப்புகளுக்குச் செய்முறை திட்டமிடுபவர்கள் சோதனைகளைப் பட்டியல் போடுவதற்கு முன்பு இந்த மாதிரி ஓர் இழையைத் தேடிப் பிடிப்பது நல்லது.

1978-ல் டெல்கோ (இன்றைய டாட்டா மோட்டார்ஸ்) நிறுவனத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு கிஷோர் பாரதிக்கு வந்த இளம் பொறியாளர் அர்விந்த் குப்தாவையும் இங்கே சொல்ல வேண்டும். சைக்கிள் வால்வு ட்யூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, அதில் தீக்குச்சிகளைச் செருகி உருவங்கள் செய்யும் யோசனை அவருக்கு அங்கேதான் வந்தது. மூன்று குச்சி கோத்தால் முக்கோணம், அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சி கோத்தால் சதுரம், தொட்டாலே சாய்ந்து சாய்சதுரமாகும். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு இது விளையாட்டு. ஐந்தாம் வகுப்பில் இதை வைத்துக் கோணம் பேசலாம். எட்டாம் வகுப்பில் ‘கூரை உத்திரத்தில் ஏன் முக்கோணமாகச் சட்டம் அடிக்கிறார்கள்’ என்று கேட்கலாம். பொருள் ஒன்று, கேள்விதான் வயதுக்குத் தக்க மாறுகிறது. அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது பலரும் குப்பையிலிருந்து பொம்மை செய்தவர் என்று எழுதினார்கள். அந்தப் பொம்மைகளுக்கு ஓர் அரசுப் பள்ளித் திட்டம் மடி கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

ஆசிரியர் முதலில் மாணவராக

பயிற்சி கோடை விடுமுறையில் நடக்கும். ஒரு வகுப்புக்கு மூன்று வாரம். மூன்று வகுப்பையும் முடிக்க மூன்று கோடைகள். பயிற்சியில் விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பது கிடையாது. பிள்ளைகள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர்கள் நான்கு பேர் குழுவாக உட்கார்ந்து செய்ய வேண்டும். இருபது ஆண்டுகள் பாடம் எடுத்தவர் மேசையை அளந்து, பக்கத்துக் குழுவின் எண்ணோடு மோதி, ஏன் என்று தேடுவார். அவர்களில் எல்லோரும் அறிவியல் பட்டதாரிகள் இல்லை. தானே ஒருமுறை திணறிய ஆசிரியர்தான் வகுப்பில் பிள்ளை திணறும்போது அவசரப்பட்டு விடையைச் சொல்லாமல் பொறுத்திருப்பார்.

பள்ளிக்குத் திரும்பிய பிறகு மாதாந்திரக் கூட்டம். நம் ஊரில் குறுவள மையக் கூட்டம் நடப்பதுபோல, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் ஓர் இடத்தில் கூடுவார்கள். எந்தச் சோதனை வரவில்லை, எந்தக் கேள்வி பிள்ளைகளுக்குப் புரியவில்லை, பெட்டியில் என்ன தீர்ந்தது என்று பேசுவார்கள். அங்கே வந்த குறைகளைக் கொண்டு புத்தகத்தைத் திருத்தினார்கள். ‘பால் வைஞானிக்’ ஒருமுறைக்கு மேல் முழுதாகத் திருத்தி எழுதப்பட்டது. தான் சொன்ன குறை அடுத்த பதிப்பில் சரியாகி அச்சில் வருவதைப் பார்க்கும் ஆசிரியருக்கு அந்தப் புத்தகத்தின் மேல் வரும் உரிமையை எந்தச் சுற்றறிக்கையாலும் கொடுக்க முடியாது. நல்ல ஆசிரியர்கள் அடுத்த ஆண்டு பயிற்சியில் கருத்தாளர்களாக வந்தார்கள். பள்ளிகளுக்குப் போய் வகுப்பைப் பார்த்து உதவுவதும் அவர்கள் வேலையாயிற்று.

பிள்ளைகளுக்கும் ஒரு வழி இருந்தது. சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் கடிதம் போடலாம். கடிதம் எழுதினால் பதில் வரும். ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை ஓர் அஞ்சலட்டையில் எழுதிப்போட்டு, தன் பெயருக்கே பதில் வாங்குவது கிராமத்துப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மரியாதை!

புத்தகத்தைத் திறந்து வைத்துத் தேர்வு

எட்டாம் வகுப்பு முடிவில் அப்போது பொதுத் தேர்வு உண்டு. அந்தத் தேர்வு பழையபடியே இருந்திருந்தால் மேலே சொன்ன எல்லாம் ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்து, ஜனவரியில் வழிகாட்டி நூல்களுக்கு இடம்விட்டு ஒதுங்கியிருக்கும். திட்டக்காரர்கள் அரசிடம் கேட்டுப் பெற்ற மிக முக்கியமான சலுகை, அறிவியலுக்குத் தனியாகத் தேர்வு நடத்தும் உரிமை. எழுத்துத் தேர்வில் பாடப்புத்தகத்தையும் தன் சொந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதோடு செய்முறைத் தேர்வும் உண்டு.

புத்தகம் திறந்திருக்கும்போது ‘ஒளிச்சேர்க்கை என்றால் என்ன’ என்று கேட்பதில் பொருள் இல்லை. கேள்வி கேட்பவர் யோசித்தாக வேண்டும். அந்த மாதிரியில் ஒரு கேள்வியை நாமே எழுதிப் பார்க்கலாம். மூன்று கிண்ணங்களில் பயறு போட்டிருக்கிறது. முதலாவதில் தண்ணீரே இல்லை, இரண்டாவதில் ஈரத்துணி, மூன்றாவதில் பயறு முழுக்க மூழ்கும் அளவு தண்ணீர். இரண்டாவது மட்டும் முளைத்தது. ‘முளைக்கத் தண்ணீர் வேண்டும்’ என்று ஒரு மாணவி எழுதினாள். எந்த இரண்டு கிண்ணங்களை ஒப்பிட்டு இதைச் சொல்லலாம்? மூன்றாவது கிண்ணம் என்ன சொல்கிறது? வெளிச்சம் தேவையா என்று இந்தச் சோதனையிலிருந்து சொல்ல முடியுமா? புத்தகத்தில் தேடினால் இதற்கு விடை இல்லை. வகுப்பில் நிஜமாகவே செய்து பார்த்துப் பேசிய பிள்ளைக்கு இது கடினமும் இல்லை.

இந்தத் தேர்வால் நோட்டின் மதிப்பும் மாறியது. தேர்வறையில் கைகொடுக்கப்போவது தான் எழுதிய குறிப்புதான் என்று தெரிந்த பிள்ளை, அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதுவதில் பயன் இல்லை என்று தானே புரிந்துகொள்ளும்.

கீழேயும் மேலேயும் இருந்த வகுப்புகள்

6 முதல் 8 வரை மட்டும் மாற்றியது இந்தத் திட்டத்தின் பலம், பலவீனமும் அதுவே. ஐந்தாம் வகுப்பு வரை சத்தமாகப் படித்து ஒப்பித்துப் பழகிய பிள்ளையை ஆறாம் வகுப்பில் திடீரென்று ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று கேட்டால் அது விழிக்கும். இதை உணர்ந்துதான் ஏகலவ்யா 1980-களின் பிற்பகுதியில் தொடக்கப் பள்ளிகளுக்கும் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. ‘குஷி குஷி’ என்ற பாடநூல்களில் மொழியும் கணக்கும் சுற்றுப்புறமும் கலந்தே வந்தன. சிறு பிள்ளைக்கு அறிவியல் தனிப் பாடமாக இருக்கத் தேவையில்லை என்ற அந்த நிலைப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் சில வட்டாரங்களைத் தாண்டி அது பெரிதாகப் பரவவில்லை.

மேலே ஒன்பதாம் வகுப்பு. அங்கே பழைய புத்தகம், பழைய தேர்வு. செய்து பார்க்க முடியாத கருத்துகளை, உதாரணமாக அணுவின் அமைப்பை, நடுநிலை வகுப்பில் தள்ளிவைக்கலாம் என்று ஹோஷங்காபாத் குழு தெரிந்தே முடிவெடுத்திருந்தது. பன்னிரண்டு வயதில் எலக்ட்ரான் படத்தை மனப்பாடம் செய்வதால் ஒன்றும் புரிந்துவிடாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் நியாயமானது. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் அதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்கியது. ‘எங்கள் மாவட்டப் பிள்ளைகள் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்’ என்ற பெற்றோரின் பயம் அங்கிருந்து கிளம்பியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இடமாறுதலில் போய்விடுவதும், பெட்டியில் தீர்ந்த பொருள்கள் நேரத்துக்கு வராததும் இதோடு சேர்ந்துகொண்டன.

2002-ல் மாநிலம் முழுவதும் ஒரே பாடநூல் என்ற காரணத்தோடு, உள்ளூர் அரசியல்வாதிகளின் எதிர்ப்பும் கூடி, அரசு திட்டத்தை நிறுத்தியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் மறுப்புத் தெரிவித்தார்கள். பயன் இல்லை. குறைகளைத் திருத்த ஒன்பதாம் வகுப்பை மாற்றியிருக்க வேண்டும், மற்ற மூன்று வகுப்புகளை மூடியிருக்கக் கூடாது என்பதே என் கருத்து. மூன்று ஆண்டு நன்றாகப் படித்த பிள்ளை நான்காவது ஆண்டில் திணறினால், நான்காவது ஆண்டின் பாடத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பதுதானே முறை? அந்த எளிய ஒப்பீட்டை யாரும் செய்ய முன்வரவில்லை.

அந்த அனுபவம் முழுதும் வீணாகவில்லை. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்குப் பிறகு வந்த, மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் நடுநிலை வகுப்பு அறிவியல் நூல்களில் செயல்பாடுகள் பாடத்தின் நடுவிலேயே அமைந்தன. அந்த மாற்றத்தில் ஹோஷங்காபாத்தின் சாயல் தெரிகிறது. தேர்வு மட்டும் பெரும்பாலான இடங்களில் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது

அகில இந்திய மக்கள் அறிவியல் இயக்கங்களின் கூட்டமைப்பு வழியாகத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கும் ஏகலவ்யாவுக்கும் பழைய உறவு உண்டு. அந்த இயக்கத்தின் சிறுவர் அறிவியல் இதழான ‘துளிர்’ படித்து வளர்ந்த தலைமுறைக்குத் தீக்குச்சி உருவங்களும் காலி மருந்துப் புட்டிகளும் புதிதல்ல. அரசுப் பள்ளிகளில் 2003-ல் சென்னை மாநகராட்சியில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை தொடக்க வகுப்புகளை மாற்றிப் பார்த்தது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரையுள்ள பிள்ளைகளுக்காக 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குக் கருத்தாளர்களையும் சோதனைப் பொருள்களையும் கொண்டுபோகிறது. ஹோஷங்காபாத் தேர்ந்தெடுத்த அதே மூன்று வகுப்புகள்!

வானவில் மன்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். வெளியிலிருந்து ஒருவர் சோதனைப் பொருள்களோடு வரும் நாளில் பிள்ளைகளின் முகமே மாறிவிடுகிறது. ஆனால் அவர் போன பிறகு, மறுநாள் அதே வகுப்பில், அதே ஆசிரியர் அந்தச் சோதனையைப் பற்றிப் பேசுகிறாரா? பருவத் தேர்வில் அதைப் பற்றி ஒரு கேள்வியாவது வருகிறதா? ‘புக் பேக்’ கேள்விகளும் ஒரு மதிப்பெண் வினாக்களும் மட்டுமே வந்தால், போர்ஷன் முடிக்க வேண்டிய ஆசிரியர் சோதனையை விருந்தாளியின் வேலை என்று விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருந்தும், பல பள்ளிகளில் தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஆய்வகம் திறக்கிறது. மதிப்பெண் ஒதுக்குவதோடு நின்றால் போதாது, என்ன கேட்கிறோம் என்பதும் மாற வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய செலவு இல்லை. ஒரு மாவட்டத்தில், ஒரே ஒரு ஆண்டுக்கு, எட்டாம் வகுப்பு அறிவியல் ஆண்டுத் தேர்வை மட்டும் புத்தகமும் நோட்டும் திறந்து வைத்து எழுதவிடலாம். கேள்விகளை அந்த மாவட்டத்து ஆசிரியர்களே குறுவள மையக் கூட்டங்களில் உட்கார்ந்து தயாரிக்கட்டும்; வானவில் மன்றக் கருத்தாளர்களும் கூட இருக்கட்டும். ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வி, பயறு முளைத்த மூன்று கிண்ணங்களைப் போல. அந்த ஆண்டு முடிவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளையும், பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகளின் நோட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் புரட்டிப் பார்த்து, அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் என்ன செய்வது என்று முடிவெடுக்கலாம்.